உறவு வலைப்பின்னலும் தொழில்முனைவு நோக்கமும்: தமிழகத் தொழில் வட்டாரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழில் தொடங்கும் எண்ணம் ஒருவரின் தனிப்பட்ட துணிவிலிருந்து பிறக்கிறது என்னும் கருத்து தொழில்முனைவுக் கல்வியில் பரவலாக நிலவுகிறது. திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை அடியொற்றிய வினாநிரல் ஆய்வுகளிலும் சுற்றத்தாரின் கருத்துக்கு உள்ள நேரடித் தாக்கம் குறைவாகவே பதிவாகியுள்ளது. ஆனால், தமிழகத் தொழில் வட்டாரங்களின் வரலாறு உறவும் நட்பும் தொழில் தொடக்கத்தின் அடித்தளமாக இருந்ததைக் காட்டுகிறது. இம்முரண்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. நகரத்தார் வட்டித்தொழில், சிவகாசித் தீப்பெட்டித் தொழில், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, உறவுகள் அறிவுரையின் வழியாகச் செயற்படுவதைவிட வாய்ப்பின் வழியாகவே தொழில்முனைவு நோக்கத்தை உருவாக்குகின்றன என்பதை விளக்குகிறது. வலைப்பின்னலுக்கு வெளியே நிற்போரிடம் காணப்படும் குறைந்த நோக்கத்தை ஆர்வமின்மையாகப் பொருள்கொள்வது பிழை என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: தொழில்முனைவு நோக்கம், சமூக வலைப்பின்னல், சமூக மூலதனம், நகரத்தார், சிவகாசி, திருப்பூர், சுயஉதவிக் குழு.

முன்னுரை

மாணவர்களைத் தொழில்முனைவோராக்குவது இன்று கல்லூரிகளின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. தொழில்முனைவு மேம்பாட்டு மையங்கள் தொடங்கப்படுகின்றன. வெற்றி பெற்ற தொழிலதிபர்கள் அழைக்கப்பட்டு ஊக்கவுரை ஆற்றுகின்றனர். மாணவர்களிடம் வினாநிரல் கொடுத்து அவர்தம் நோக்கம் அளக்கப்படுகிறது. இம்முயற்சிகள் அனைத்திற்கும் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. நோக்கம் என்பது தனிமனித உள்ளத்தில் உறைவது. ஊக்கமும் பயிற்சியும் அளித்தால் அது வளரும் என்பதே அவ்வெடுகோள்.

ஒரே வகுப்பில் ஒரே பாடத்தைப் பயின்ற இருவருள் ஒருவர் படிப்பு முடிந்த மறு ஆண்டே தொழில் தொடங்குவதும், மற்றவர் அதைப் பற்றி எண்ணிப் பார்க்கவே தயங்குவதும் அன்றாடம் காணும் காட்சி. இவ்வேறுபாட்டை மனத்துணிவின் வேறுபாடு என்று மட்டும் கூறிவிட இயலுமா என்னும் வினாவிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. இங்குச் 'சமூக வலைப்பின்னல்' என்னும் சொல் இணையவழிச் சமூக ஊடகங்களைக் குறிக்கவில்லை. குடும்பம், சுற்றம், சாதி, ஊர், நட்பு, பணியிடம் ஆகியவற்றின் வழியாக ஒருவர் பிறரோடு கொண்டுள்ள தொடர்புகளின் தொகுதியையே குறிக்கிறது.

நோக்கம் என்னும் கருத்தாக்கம்

தொழில்முனைவு நோக்கம் பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஐசெக் அய்சென் 1991இல் விரிவாக வகுத்தளித்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு செயலைச் செய்யும் நோக்கம் மூன்று கூறுகளால் அமைகிறது என்பது அக்கோட்பாடு. அச்செயலைப் பற்றிய மனப்பான்மை முதலாவது. தமக்கு வேண்டியவர்கள் அதனை ஏற்பார்களா என்னும் சமூக எதிர்பார்ப்பு இரண்டாவது. தம்மால் அதனைச் செய்து முடிக்க இயலும் என்னும் இயலுமை உணர்வு மூன்றாவது.

இம்மூன்றனுள் உறவுகளின் இடம் இரண்டாவது கூறிலேயே உள்ளது என்பது வழக்கமான புரிதல். "நீங்கள் தொழில் தொடங்குவதை உங்கள் குடும்பத்தினர் ஆதரிப்பார்களா?", "நண்பர்கள் ஆதரிப்பார்களா?" என்பன போன்ற வினாக்களால் அது அளக்கப்படுகிறது. ஆனால், இக்கூறு எதிர்பார்த்த அளவு வலிமையுடையதாக வெளிப்படவில்லை. ஆர்மிட்டேஜ், கானர் ஆகியோர் 2001இல் 185 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, மூன்று கூறுகளுள் சமூக எதிர்பார்ப்பே நோக்கத்தைக் கணிப்பதில் வலுவற்றதாக இருந்தது. குருகர், ரெய்லி, கார்ஸ்ரட் ஆகியோர் தொழில்முனைவு நோக்கத்தைக் குறித்து 2000இல் வெளியிட்ட ஆய்விலும் அதன் தாக்கம் பொருட்படுத்தத்தக்கதாக அமையவில்லை. இம்முடிவுகளை மட்டும் நோக்கினால், தொழில் தொடங்க நினைப்பவருக்கு உற்றார் உறவினர் ஒரு பொருட்டல்லர் என்று கருத நேரிடும்.

லின்யான், சென் ஆகியோர் ஸ்பெயின், தைவான் ஆகிய நாடுகளில் 519 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இச்சிக்கலுக்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. சமூக எதிர்பார்ப்பு நோக்கத்தை நேரே தொடவில்லை. மனப்பான்மையையும் இயலுமை உணர்வையும் மாற்றி, அவற்றின் வழியாகவே நோக்கத்தைச் சென்றடைகிறது என்பதை அவர்கள் கண்டனர். உறவின் செல்வாக்கு குறைந்துவிடவில்லை என்பதும் அது வேறு கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தது என்பதும் இதனால் புலப்படுகின்றன. உறவுகள் இயலுமை உணர்வை எவ்வாறு ஆக்குகின்றன என்பதை வினாநிரலைவிடத் தொழில் வட்டாரங்களின் வரலாறு தெளிவாகக் காட்டும். அதற்கு முன் பிணைப்புகளின் தன்மையை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

நெருங்கிய பிணைப்பும் தளர்ந்த பிணைப்பும்

மார்க் கிரானொவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனையாகும். பாஸ்டனை அடுத்த புறநகர் ஒன்றில், பிறர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அச்செய்தியைத் தந்தவரை எத்துணை முறை சந்திப்பது வழக்கம் என்று அவர் வினவினார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றோர் 16.7 விழுக்காட்டினர்; எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றோர் 55.6 விழுக்காட்டினர், அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றோர் 27.8 விழுக்காட்டினர். நெருங்கியோர் அறிந்தவற்றை நாமும் முன்பே அறிந்திருப்போம். புதிய செய்தி வேறு வட்டத்தில் உலவும் அறிமுகத்தாரிடமிருந்தே வருகிறது என்பது இதற்கு அவர் தந்த விளக்கம்.

ஜேம்ஸ் கோல்மன் 1988இல் மற்றொரு பக்கத்தைச் சுட்டினார். ஒருவரையொருவர் அறிந்தோர் செறிந்து வாழும் மூடிய வலைப்பின்னலில் வாக்குத் தவறுபவர் தப்ப முடியாது. ஆதலால் அங்கு நம்பிக்கை விளைகிறது என்றார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கினால், தளர்ந்த பிணைப்பு செய்தியைத் தருகிறது, நெருங்கிய பிணைப்பு நம்பிக்கையைத் தருகிறது என்னும் பாகுபாடு கிடைக்கிறது. தொழில் தொடங்குவோருக்கு இரண்டும் வேண்டும். எத்தொழிலைச் செய்யலாம் என்பது செய்தியைச் சார்ந்தது; கைப்பொருள் இல்லாத நிலையில் முதலும் சரக்கும் கிடைப்பது நம்பிக்கையைச் சார்ந்தது.

நகரத்தார்: பயிற்சியாக அமைந்த உறவு

நெருங்கிய பிணைப்பு இயலுமை உணர்வை வளர்த்தமைக்கு நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டித்தொழில் சிறந்த சான்றாகும். ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்த பிரிவுகளாக அமைந்த இச்சமூகத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் தொழில் நடத்தினர். இவர்தம் கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலை இருந்தது. இளம் வயதிலேயே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் கணக்கெழுதவும், கடன் கேட்டு வருபவரை எடைபோடவும், கடனை மீட்கவும் உடனிருந்து கற்றார். கடை நடத்தச் செல்லும் முகவர்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்டனர். தவணை முடிந்து திரும்பும்போது ஊதியத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் பெற்றவர்களுள் பலர், பின்னர்த் தாமே முதலாளிகளாயினர்.

இங்கு இளைஞர் எவரிடமும் தொழில் தொடங்குமாறு தனியே எடுத்துக்கூற வேண்டிய தேவை எழவில்லை. தம்மினும் சில ஆண்டு மூத்தவர் பெட்டியடியிலிருந்து முதலாளியானதை அவர் கண்முன் கண்டார். தம் கணக்கறிவு அடுத்த கடையிலும் செல்லுபடியாகும் என்பதை அறிந்திருந்தார். தேவைப்படும் பணத்தைச் சமூகத்திற்குள்ளேயே கடனாகப் பெற முடிந்தது. நோக்கம் பிறப்பதற்கு முன்பே அதற்கான வழி அமைந்திருந்தது.

இவ்வலைப்பின்னலின் இடரும் அதன் செறிவிலேயே இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ, கடனைத் திருப்ப இயலாத உழவர்களின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடாயிற்று. விரும்பிப் பெறாத அந்நிலமும் அதில் முடங்கிய முதலும் ஜப்பானியப் படையெடுப்பாலும் பின்வந்த அரசியல் மாற்றங்களாலும் பறிபோயின. ஒரே செய்தியைப் பகிர்ந்து ஒரே திசையில் சென்றோர் ஒரே சுழலில் சிக்கினர்.

சிவகாசி: இருவகைப் பிணைப்பின் கூட்டு

சிவகாசியின் வரலாறு இருவகைப் பிணைப்பும் கூடிய நிலையைக் காட்டுகிறது. இராமநாதபுரம் பகுதியின் வணிகப் பேட்டைகளில் நாடார் சமூகத்தார் உறவின்முறை என்னும் அமைப்பின்கீழ் ஒன்றுகூடினர். வணிகத்தின்மீது மகமை என்னும் பொதுநிதியைத் திரட்டினர். ஒடுக்குமுறைக்கு ஆளாகியிருந்த ஒரு சமூகம் தன் பாதுகாப்பிற்காகவும் மேம்பாட்டிற்காகவும் உருவாக்கிக்கொண்ட அமைப்பு இது. 1889இல் விருதுநகரில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை, 1921இல் தூத்துக்குடியில் நிறுவப்பட்டுப் பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய நாடார் வங்கி ஆகியவை இக்கூட்டுணர்வின் விளைவுகள்.

ஆயினும், தீப்பெட்டித் தொழில் இவ்வலைப்பின்னலுக்குள்ளிருந்து பிறக்கவில்லை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். தொழில்நுட்பம் பற்றிய அறிவு உறவும் சுற்றமும் எட்டாத தொலைவிலிருந்து வந்தது. அது வேரூன்றிப் பரவுவதற்குரிய நம்பிக்கை உறவின்முறையிலிருந்து கிடைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் அவ்வூரில் தழைத்தன. நெருங்கிய பிணைப்பு மட்டும் இருந்திருந்தால் பழைய வணிகமே தொடர்ந்திருக்கும். தளர்ந்த பிணைப்பு மட்டும் இருந்திருந்தால் புதிய தொழில் ஒன்றிரண்டு பட்டறைகளோடு நின்றிருக்கக்கூடும்.

திருப்பூர்: உழைப்பும் உடன்பிறப்புறவும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைக் குறித்து ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல், கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தைச் சேர்ந்த உழவர்களும் தொழிலாளர்களும் பனியன் கம்பெனி உரிமையாளர்களாக உயர்ந்த வரலாற்றை ஆராய்கிறது. தம் உயர்வுக்குக் காரணம் உழைப்பே என்று அவ்வுரிமையாளர்கள் கூறினர். சாரி அக்கூற்றை மறுக்காமல், அவ்வுழைப்பு முதலாக மாறியதற்குத் துணைநின்ற உறவுகளை எடுத்துக்காட்டி, அதனை உடன்பிறப்பு மூலதனம் என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இங்கு உற்பத்தி முறையும் நோக்கத்திற்கு இடம் தருகிறது. நிட்டிங், சாயமிடல், பிரிண்டிங், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எனப் பணிகள் தனித்தனிக் கூடங்களில் நடைபெறுகின்றன. முழு ஆலை அமைக்கும் பொருள் இல்லாதவரும் சில தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் எடுத்துத் தொழில் தொடங்கலாம். ஆனால், அந்த ஜாப் ஒர்க்கை யார் தருவார், நூலைக் கடனாக யார் கொடுப்பார், பணம் வரும்வரை யார் பொறுப்பார் என்னும் வினாக்களுக்குரிய விடை அறிந்தவர் வட்டத்திலேயே உள்ளது.

அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி ஆகியோர் திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரின் நிறுவனங்கள் வெளியிலிருந்து வந்தோரின் நிறுவனங்களைவிடக் கூடுதலான முதலுடன் இயங்கின. ஆனால், வெளியோரின் உற்பத்தி விரைந்து வளர்ந்து காலப்போக்கில் முந்திச் சென்றது. முதல் சென்ற இடத்தைத் தீர்மானித்ததில் திறமையைவிடச் சமூகத் தொடர்புக்கே மிகுந்த பங்கு இருந்தது என்பது அவ்வாய்வின் உட்பொருள். இதனைத் தொழில்முனைவு நோக்கத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது. குறைந்த முதலோடு வந்து வளர்ந்தவர்கள் கணக்கில் உள்ளனர். திறமை இருந்தும் முதல் கிடைக்காது என்றறிந்து தொடங்காமலே இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

வலைப்பின்னலுக்கு வெளியே

2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பட்டியல் சாதியினருக்கு உரிமையான நிறுவனங்கள் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தொடவில்லை; மக்கள்தொகையில் அவர்தம் பங்கோ ஏறத்தாழ 16 விழுக்காடு. இவ்விடைவெளியை விருப்பமின்மையின் விளைவு எனக் கொள்வதற்கு இடமில்லை. அலெஹாந்திரோ போர்ட்டஸ் 1998இல் சமூக மூலதனத்தின் தீய விளைவுகளைத் தொகுத்துரைத்தபோது, வெளியோரை விலக்குதலை அவற்றுள் முதன்மையாகக் குறிப்பிட்டார். உள்ளிருப்போருக்கு நம்பிக்கையாக அமைவதே வெளியில் நிற்போருக்கு அடைத்த கதவாகிறது.

உடன்பிறப்பு என்று சாரி பெயரிட்ட உறவும் ஆண்களுக்கிடையிலான உறவே. பனியன் கம்பெனிகளில் பெண்கள் பெருந்தொகையாகப் பணிபுரிகின்றனர். அதே தையலைக் கற்று, அதே ஆண்டுகள் உழைத்தாலும், உரிமையாளராகும் வழியில் ஆண்களுக்குக் கிடைத்த கூட்டாளியும் கடனும் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை.

இத்தகையோரிடம் வினாநிரல் கொடுத்தால் இயலுமை உணர்வு குறைவாகவும் அதனால் நோக்கமும் குறைவாகவும் பதிவாகலாம். அதனைத் தாழ்வு மனப்பான்மை என்றோ தன்னம்பிக்கைக் குறை என்றோ முடிவு கட்டுவது எளிது. உண்மையில் அது தம் வலைப்பின்னல் எதைத் தரும், எதைத் தராது என்பதைச் சரியாகக் கணித்துணர்ந்த அறிவாகவும் இருத்தல் கூடும்.

நட்பு தூண்டுவதும் தடுப்பதும்

வலைப்பின்னலை மாற்றினால் நடத்தை மாறுமா என்பதற்கு அகமதாபாத்தில் நிகழ்ந்த ஆய்வு விடை தருகிறது. எரிக்கா ஃபீல்டு, சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நட்டாலியா ரிகோல் ஆகியோர் 2016இல் வெளியிட்ட அவ்வாய்வில், மகளிர் வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் தொழில் ஆலோசனைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதியினர் தோழி ஒருவருடன் வருமாறு அழைக்கப்பட்டனர். தோழியுடன் பயின்றோரிடம் மட்டுமே தொழில் நடவடிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு மிகுந்த சமூகப் பின்னணியிலிருந்து வந்த பெண்களிடம் இவ்விளைவு கூடுதலாக இருந்தது. பாடம் இருசாராருக்கும் ஒன்றே. வேறுபட்டது அருகில் அமர்ந்திருந்த ஒருவர் மட்டுமே. 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பயனையும் இக்கோணத்தில் மீண்டும் ஆராயலாம். அவை கடன் பெறும் வாயிலாக மட்டுமன்றி, வீட்டிற்கு வெளியே ஒரு பிணைப்பை உருவாக்கும் களமாகவும் அமைந்தன.

நட்பு எப்போதும் நோக்கத்தை உயர்த்தும் என்றும் கொள்வதற்கில்லை. ஜோஷ் லெர்னர், உல்ரிக் மால்மெண்டியர் ஆகியோர் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவர்களைக் குறித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே தொழில் நடத்திய அனுபவமுள்ளோர் மிகுந்திருந்த வகுப்புப் பிரிவுகளில், அவ்வனுபவமில்லாத மாணவர்கள் பின்னர்த் தொழில் தொடங்கியது குறைந்திருந்தது. குறைந்தவை தோல்வியுறும் முயற்சிகளே; வெற்றி பெறும் முயற்சிகள் குறையவில்லை. பட்டறிந்தோர் உடனிருந்தமையால் பயனற்ற திட்டங்கள் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டன எனலாம். ஆகவே, நோக்கத்தின் அளவு கூடுவதை மட்டும் வெற்றியெனக் கொள்ளும் மதிப்பீட்டு முறை குறையுடையது.

ஆய்வுக்கும் கொள்கைக்கும் உரியவை

மேற்கண்ட செய்திகள் இரு துறைகளுக்குப் பயன்படும். முதலாவது ஆய்வு முறை. "குடும்பத்தினர் ஆதரிப்பார்களா?" என்னும் வினா கருத்தை மட்டுமே அளக்கிறது. அதனோடு, "தொழில் தொடங்கினால் முதல் சரக்கைக் கடனாகத் தரக்கூடியவர் யார்?", "முதல் வாடிக்கையாளரை அறிமுகம் செய்யக்கூடியவர் யார்?", "வருவாய் இல்லாத ஆறு மாதங்களில் வீட்டுச் செலவைத் தாங்கக்கூடியவர் யார்?", "நீங்கள் எண்ணும் தொழிலை நடத்துபவர் எவரையேனும் நேரில் அறிவீர்களா?" என்பன போன்ற வினாக்களும் இடம்பெற வேண்டும். இவற்றிற்கு எத்தனை பெயர்கள் விடையாக வருகின்றன, அப்பெயர்கள் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவையா என்பவற்றைக் கணக்கிட்டால் வலைப்பின்னலின் பங்கு தெளிவாகும்.

இரண்டாவது கொள்கை வகுப்பு. 2016இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் வழங்க வேண்டும் என்று வகுத்தது. முதலின் குறையை ஈடுசெய்யும் இம்முயற்சி இன்றியமையாதது. ஆனால், நகரத்தார் இளைஞருக்குக் கிடைத்த பயிற்சியையும், திருப்பூர்த் தொழிலாளிக்குக் கிடைத்த ஜாப் ஒர்க்கையும் கடன் மட்டும் தந்துவிடாது. 2005இல் புனேயில் தொடங்கப்பட்ட தலித் இந்தியத் தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் தோன்றியமைக்கு இக்குறையே காரணம் எனலாம். வாங்குவோர், விற்போர், முன்னோடிகள் ஆகியோரோடு புதியவரை இணைக்கும் ஏற்பாடு கடனுதவியின் பகுதியாகவே அமைதல் வேண்டும். கல்லூரி மையங்களும் ஓர் ஊக்கவுரைக்குச் செலவிடும் நேரத்தை, தொழிற்குடும்பப் பின்னணி இல்லாத மாணவர்களை ஒரு பட்டறையிலோ கடையிலோ சில மாதங்கள் அமர்த்துவதற்குச் செலவிடலாம். இருவர் இருவராக அனுப்புவது மேலும் பயன் தரக்கூடும்.

முடிவுரை

தொழில்முனைவு நோக்கம் தனிமனித உள்ளத்தில் தோன்றினாலும், அதற்கான வித்து அவர் வாழும் உறவுச் சூழலில் உள்ளது. உறவுகள் மூன்று வகையில் செயற்படுகின்றன. முன்னோடிகளைக் கண்முன் நிறுத்தித் தொழிலை எண்ணத்தக்கதாக்குகின்றன. நம்பிக்கையின் பேரில் முதலும் சரக்கும் அளித்து அதனை இயலத்தக்கதாக்குகின்றன. தொலைவிலிருந்து வரும் செய்தியால் அதனைப் புதியதாக்குகின்றன. நெருங்கிய பிணைப்பு முதலிரண்டையும் தளர்ந்த பிணைப்பு மூன்றாவதையும் மிகுதியாகத் தருகின்றன. அதே உறவுகள் வெளியோரை விலக்கவும், உள்ளோரை ஒரே திசையில் செலுத்தி இடருக்குள்ளாக்கவும் வல்லவை. ஆகவே, ஒருவரிடம் தொழில் தொடங்கும் நோக்கம் இல்லை என்று ஓர் ஆய்வு பதிவு செய்யுமானால், அவர் யாரை அறிவார், அவரை யார் அறிவார் என்பதையும் கேட்டறிந்த பின்னரே அம்முடிவுக்குப் பொருள் கூறுதல் தகும்.